குமாரன் விடுதலையாக்கினால்: இயேசுவைப் பின்பற்றுவதில் கிடைக்கும் விடுதலை, தொடங்குகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

யோவான் சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தில் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. இடம் எருசலேம் தேவாலயம். இயேசு பேசியதைக் கேட்டு அநேகர் அவரை விசுவாசித்தார்கள். அப்படி விசுவாசித்தவர்களைப் பார்த்துத்தான் அவர் சொல்கிறார்: “நீங்கள் என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் மெய்யாகவே என் சீஷராயிருப்பீர்கள், சத்தியத்தையும் அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்.”

கேட்டவர்களுக்கு மகிழ்ச்சிக்குப் பதில் ரோஷம் வந்தது. நாங்கள் ஆபிரகாமின் சந்ததி, யாருக்கும் ஒருநாளும் அடிமையாக இருந்ததில்லையே என்றார்கள். எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் வம்சம் அவர்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய்த் திரும்பியவர்களின் வம்சம். அன்றைக்கும் ரோமருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் தங்களை அடிமை என்று ஒருவர் சொல்ல அவர்களுக்குப் பொறுக்கவில்லை. இந்த விஷயத்துக்குள் நுழையும் யாருக்கும் முதல் தடை இதுதான். கட்டப்பட்டிருக்கிறோம் என்று ஒத்துக்கொள்ள மனம் லேசில் வராது.

இயேசு அவர்களுடைய சரித்திரத்தைக் கிளறவில்லை. “பாவஞ்செய்கிறவன் எவனும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறான்” என்று சொல்லிவிட்டு ஒரு வீட்டைக் காட்டினார். அந்தக் காலத்து வீட்டில் அடிமையும் இருப்பான், மகனும் இருப்பான். இருவரும் ஒரே கூரையின் கீழ்தான். ஆனால் அடிமையை நாளைக்கே விற்றுவிடலாம், மகனை விற்க முடியாது. “அடிமையானவன் என்றைக்கும் வீட்டிலே நிலைத்திரான், குமாரன் என்றைக்கும் நிலைத்திருக்கிறார். ஆகையால் குமாரன் உங்களை விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலையாவீர்கள்.” குமாரன் என்று அவர் சொல்வது தம்மைத்தான்.

இதில் ‘நிலைத்திரு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உபதேசத்தில் ‘நிலைத்திருந்தால்’, வீட்டிலே ‘நிலைத்திரான்’, குமாரன் ‘நிலைத்திருக்கிறார்’. மூலமொழியான கிரேக்கத்திலும் இந்த மூன்று இடத்திலும் ‘மெனோ’ என்ற ஒரே வினைச்சொல்தான். தங்கியிருப்பது, குடியிருப்பது என்று அதற்குப் பொருள். இயேசுவின் வார்த்தையில் குடியிருக்கிறவர், அந்த வீட்டில் பிள்ளையாகக் குடியிருக்கிறார். கிறிஸ்தவம் சொல்லும் விடுதலையின் கரு இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எஜமானே இல்லாமல் தெருவில் நிற்கும் நிலையை இயேசு யாருக்கும் வாக்களிக்கவில்லை. பிதாவின் வீட்டில் பிள்ளையாக இருக்கும் இடத்தைத்தான் தருகிறார்.

தமிழ் வேதாகமம் இதற்கு இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறது. ஒன்று விடுதலை. மற்றொன்று, கலாத்தியர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் வரும் சுயாதீனம். சுயாதீனம் என்றால் தன் வசத்தில் தான் இருப்பது என்றுதான் காதில் விழும். அதனால் ‘இனி என் இஷ்டம்’ என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதிய அப்போஸ்தலன் பவுல் அதை அங்கேயே மறித்துவிடுகிறார். 5:13-இல், அந்தச் சுயாதீனத்தைக் கொண்டு அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்கிறார். ‘ஊழியஞ்செய்யுங்கள்’ என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல், அடிமையாக வேலை செய்வதைக் குறிக்கும் சொல். கட்டாயத்தில் செய்த வேலையை இனி அன்பினால் செய்கிறோம். அவ்வளவு பெரிய மாற்றம் அது.

எதிலிருந்து விடுதலை?

முதலாவது, குற்றத்தீர்ப்பிலிருந்து. செய்த தவறு முடிந்து பல வருஷமானாலும் ‘நீ இப்படிப்பட்டவன்’ என்ற குரல் உள்ளே ஓயாது. அதை வெறும் மனக்கவலை என்று வேதம் ஒதுக்குவதில்லை. தேவனுக்கு முன்பாக உண்மையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது என்கிறது. கொலோசெயர் 2:14 அதை ‘கையெழுத்து’ என்று சொல்கிறது. கடன் வாங்கியவர் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு அன்றைக்கு வழங்கிய பெயர் அது. அந்தப் பத்திரம் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்பதுதான் சுவிசேஷம்.

இரண்டாவது, பாவத்தின் பிடியிலிருந்து. குற்றம் வேறு, பிடி வேறு. மன்னிப்புக் கிடைத்த மறுநாளும் அதே பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்று ரோமர் 7:19-இல் வரும் வரி இந்தப் பிடியைத்தான் சொல்கிறது. யாக்கோபு 1:14, 15 அது வளரும் விதத்தைக் காட்டுகிறது. முதலில் இச்சை இழுக்கிறது, பிறகு கருத்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது, பாவம் பூரணமாகும்போது மரணத்தைப் பிறப்பிக்கிறது. கருவிலே தடுப்பது சுலபம். வளர்ந்தபின் கடினம். போராட வேண்டிய நேரம் விழும் நொடியல்ல, அதற்கு அரைமணி முன்பு.

மூன்றாவது பயம். எபிரெயர் 2:15, மரணபயத்தினாலே ஜீவகாலமெல்லாம் அடிமைகளாயிருந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. சாபம், கெட்ட ஆவி, கெட்ட நேரம், மனிதரின் கோபம் என்று பயத்துக்குப் பல முகங்கள் உண்டு. நான்காவதை அநேகர் கட்டு என்றே நினைப்பதில்லை: நல்லவராக இருந்து தேவனிடம் மதிப்பெண் வாங்கும் முயற்சி. லூக்கா 15-இல் இயேசு சொன்ன கதையில், வீட்டைவிட்டு ஓடிய இளைய மகனைப் பலருக்கும் தெரியும். வீட்டிலேயே இருந்த மூத்தவன் அப்பாவிடம் பேசுவதைப் படித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாய் உமக்கு ஊழியஞ்செய்கிறேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே என்கிறான். அது வேலைக்காரன் கூலிக்கணக்கு பார்க்கும் பேச்சு. பிள்ளை அப்படிப் பேசுவதில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே அவன் அடிமையாக வாழ்ந்திருக்கிறான்.

இயேசு என்ன செய்தார்?

மாற்கு 10:45-இல் இயேசு தம் மரணத்தைப் பற்றி, அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க வந்ததாகச் சொல்கிறார். அடகில் இருக்கும் நகையை மீட்கிறோம் அல்லவா, அதே சொல்தான். நகை தானாக நடந்து வீட்டுக்கு வராது. அதற்கு உரியவர் போய், விலை கொடுத்து எடுத்து வர வேண்டும். அந்த விலை யாரிடம் கொடுக்கப்பட்டது என்று பழைய காலத்துச் சபைப் பிதாக்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். வேதம் அதை விவரிப்பதில்லை, தொடங்குகிறவர் அதில் சிக்கிக்கொள்ளவும் வேண்டாம். விலை கொடுத்தாயிற்று, அதை நாம் கொடுக்கவில்லை. முதலில் இது உள்ளே இறங்கட்டும்.

அடுத்து வருவதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். புதிய விசுவாசிகள் சோர்ந்து பின்வாங்குவதற்குப் பெரும்பாலும் இதில் வரும் குழப்பமே காரணம்.

விடுதலையை வேதம் மூன்று காலங்களில் பேசுகிறது. முடிந்துபோன காலம் ஒன்று. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று ரோமர் 8:1 சொல்கிறது. தீர்ப்பு சொல்லியாயிற்று, அது நாளுக்கு நாள் மாறாது. நடந்துகொண்டிருக்கும் காலம் இன்னொன்று. ரோமர் 6:12, உங்கள் சரீரத்தில் பாவம் ஆளாதிருப்பதாக என்கிறது. இது கட்டளை, இதில் தினமும் நம் பங்கு உண்டு. வரப்போகும் காலம் மூன்றாவது. ரோமர் 8:23, சரீர மீட்புக்குக் காத்திருந்து தவிக்கிறோம் என்கிறது. நோய், மரணம், இழுக்கும் இச்சை எல்லாம் முற்றிலும் ஒழிவது அப்போதுதான்.

முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றாகக் குழப்பினால் என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை கோபத்தில் வாய்விட்டுக் கத்திவிட்டவர், புதன்கிழமை காலையில் ‘நான் இரட்சிக்கப்படவே இல்லையோ’ என்று ஆடிப்போவார். நடையில் வந்த சறுக்கலைத் தீர்ப்பே மாறிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். மறுபுறம், தீர்ப்பு முடிந்ததுதானே என்று நடையைக் கவனிக்காமல் விடுகிறவரும் உண்டு. பவுல் அவருக்காகவே ரோமர் 6-ஐ ஒரு கேள்வியோடு தொடங்குகிறார்: கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா? கூடாதே என்று அடுத்த மூச்சிலேயே பதிலும் சொல்கிறார்.

இஸ்ரவேலரின் பயணம் இதற்கு நல்ல படம். செங்கடலைத் தாண்டியது ஒரே இரவில். அதன்பின் எகிப்தின் ராஜாவான பார்வோனுக்கு அவர்கள்மேல் உரிமை இல்லை. ஆனால் எகிப்தின் நாக்கு அவர்களுக்குள்ளே இருந்தது. எண்ணாகமம் 11:5-இல் வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று எகிப்தில் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஏங்குகிறார்கள். செங்கல் சூளையும் சாட்டையும் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய கட்டு திரும்ப அழைக்கும்போது எப்போதும் ருசியை மட்டுமே நினைவூட்டும்.

எப்படித் தொடங்குவது?

மனந்திரும்புதலும் விசுவாசமும் சேர்ந்தே வரும். மனந்திரும்புதலுக்கான கிரேக்கச் சொல் மனம் மாறுவதைக் குறிக்கிறது, அழுவதை அல்ல. கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை. இதுவரை போன வழி தவறு என்று தேவனோடு ஒத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்புவதுதான் அது. விசுவாசம் என்பது இயேசு செய்தது எனக்காகத்தான் என்று அதன்மேல் பாரத்தைச் சாய்ப்பது.

இதற்கென்று மந்திரம்போல ஒரு ஜெபம் கிடையாது. லூக்கா 18:13-இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், செய்த ஜெபம் ஒரே வரிதான்: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பினான் என்று இயேசு அவனைப் பற்றிச் சொன்னார். உங்கள் சொந்த வார்த்தையில், சத்தமாகவோ மௌனமாகவோ, அதையே சொல்லலாம்.

பிறகு ஞானஸ்நானம். தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு மரித்து அடக்கம்பண்ணப்படுவதற்கும், வெளியே வருவது புது ஜீவனுக்கும் அடையாளம் என்று ரோமர் 6:3, 4 விளக்குகிறது. விசுவாசத்தை அறிக்கையிட்டபின் முழுக்கு என்று சில சபைகள், குழந்தையிலேயே தெளிப்பதோ ஊற்றுவதோ வழக்கமாக உள்ள சபைகள், இரண்டும் உண்டு. நீங்கள் சேரும் சபையில் கேட்டு, காரணத்தைப் புரிந்துகொண்டு செய்யுங்கள்.

வாசிப்புக்கு ஒரு வரிசை. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று. அடுத்து கலாத்தியர் 6 அதிகாரங்கள். பிறகு ரோமர் 6, 7, 8. மொத்தம் 25 நாள். ஒரு அதிகாரத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. வாசித்ததும் ஒரு கேள்வி போதும்: இதில் இயேசு யார், இன்றைக்கு என்னிடம் என்ன கேட்கிறார்? அவர் கேட்ட ஒன்றை அன்றே செய்து பாருங்கள். பத்து அதிகாரம் வாசித்து ஒன்றையும் செய்யாமல் இருப்பதைவிட, ஒரு வசனத்துக்குக் கீழ்ப்படிவது நிலைத்திருத்தலுக்கு அருகில் இருக்கிறது.

பாவ அறிக்கையும் திருப்பிக் கொடுத்தலும்

“நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்” என்று தொடங்குகிறது 1 யோவான் 1:9. அறிக்கையிடும்போது பெயர் சொல்லுங்கள். ‘ஆண்டவரே, எல்லாப் பாவத்தையும் மன்னியும்’ என்பது நம்மை நாமே மறைத்துக்கொள்ளும் ஜெபமாகிவிடலாம். ‘நேற்று கணக்கில் பொய் எழுதினேன். மாட்டிக்கொள்ளும் பயத்தில் எழுதினேன்’ என்று சொல்லும்போது வேர் வெளியே தெரிகிறது. பொய்க்கு மட்டுமல்ல, பயத்துக்கும் விடுதலை கேட்கலாம். வார்த்தை கிடைக்காவிட்டால் 51-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், அது வழி காட்டும்.

மனிதருக்குச் செய்த தவறை மனிதரிடமும் சரிசெய்ய வேண்டும். எண்ணாகமம் 5:7, எடுத்ததை முழுவதும் கொடுத்து ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. ஆயிரம் எடுத்தவர் ஆயிரத்து இருநூறு கொடுக்க வேண்டும். லூக்கா 19-இல் வரும் சகேயு, வரி வசூலிப்பவர்களின் தலைவர், அதையும் தாண்டி நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றார், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன் என்றார். இயேசு அவர் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னது முதலில், சகேயு இதைச் சொன்னது பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாதி ஆஸ்தியைக் கொடுத்து அவர் இயேசுவை வீட்டுக்கு வரவழைக்கவில்லை.

சில கட்டுகள் தனி ஜெபத்தில் மட்டும் அவிழ்வதில்லை, ஏனென்றால் அவற்றின் பலமே இரகசியம்தான். யாக்கோபு 5:16, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஒருவர் போதும். வாயைக் காக்கிறவராக, உங்களைவிட விசுவாசத்தில் முதிர்ந்தவராக, உங்கள் பாலினத்தவராக இருப்பது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் சந்தியுங்கள். கத்தோலிக்கர் இதைக் குருவிடம் ஒப்புரவு அருட்சாதனமாகச் செய்கிறார்கள்.

காலி வீடு

நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்கள் தவறும் இடம் மத்தேயு 12:43-45-இல் இருக்கிறது. ஒரு மனிதனைவிட்டு அசுத்த ஆவி போகிறது, திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி ஜோடித்திருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. வீட்டை யாரும் சரியாகப் பெருக்கவில்லை என்பது அங்கே குறையல்ல. யாரும் குடியேறவில்லை என்பதுதான் குறை.

‘இனி இதைச் செய்யமாட்டேன்’ என்ற தீர்மானம் பெருக்குவது மட்டுமே. எபேசியர் 4:28-இல் பவுல் திருடனுக்குச் சொல்வதைப் பாருங்கள். திருடாதே என்று நிறுத்தவில்லை. கைகளினால் பாடுபட்டு வேலைசெய், குறைச்சலுள்ளவனுக்குக் கொடு என்று போகிறார். எடுத்த அதே கை கொடுக்கப் பழகும்வரை அவன் ஓய்வெடுக்கும் திருடன்தான். உங்கள் பழக்கத்துக்கும் இப்படி ஒரு எதிர்வேலையைக் கண்டுபிடியுங்கள். இரவில் தனிமையில் விழுகிறவர், அந்த நேரத்தில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரு நண்பருடன் ஜெபிக்க வேண்டும். பழிசொல்லும் நாக்கு, அதே ஆளைப் பற்றி ஒரு நன்மையை இன்னொருவரிடம் சொல்லப் பழக வேண்டும்.

மதுவுக்கோ வேறு போதைக்கோ உடல் அடிமையாகிவிட்டால் மருத்துவரையும் பாருங்கள். நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவது விசுவாசக் குறைவு அல்ல. பவுலோடு பயணம்செய்த லூக்காவே ஒரு வைத்தியர்.

மன்னிக்காத மனம்

மத்தேயு 18-இல் ஒரு வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்படுகிறது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2,00,000 வருஷம் உழைத்தால்தான் அந்தக் கடன் தீரும். வெளியே வந்தவன், தன் உடன்வேலைக்காரனை 100 வெள்ளிப்பணத்துக்காகத் தொண்டையைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி சின்னத் தொகை அல்ல. உங்களுக்குச் செய்யப்பட்ட அநியாயம் சின்னது என்று இயேசு சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறார்.

மன்னிப்பது என்றால் நடந்தது சரி என்று சொல்வதல்ல. அடித்தவரோடு திரும்பப் போய் வாழ்வதும் அல்ல. ஆபத்து இருந்தால் விலகியிருங்கள், சட்டத்தின் உதவியைத் தேடுங்கள். பழிவாங்கும் உரிமையைத் தேவன் கையில் விட்டுவிடுவதே மன்னிப்பு. அதை ஒருதரம் செய்தால் தீராது. நினைவு வரும்போதெல்லாம் திரும்பவும் விட வேண்டியிருக்கும்.

புதிய நுகங்கள்

கலாத்திய சபைகளுக்கு வந்த ஆபத்து வெளியே இருந்து வரவில்லை. இயேசு போதாது, யூதர்களின் சடங்கான விருத்தசேதனமும் வேண்டும் என்று சொன்ன பக்திமான்களிடமிருந்து வந்தது. இன்றைக்கு அது வேறு உருவில் வரும். இத்தனை நாள் உபவாசம் இருந்தால்தான், இவ்வளவு காணிக்கை கொடுத்தால்தான், இந்த ஊழியர் கைவைத்தால்தான் கட்டு உடையும் என்பார்கள். உபவாசம் நல்லது, காணிக்கை நல்லது. அவை விலையாக மாறும்போது ஏற்கெனவே கொடுத்த விலையை மறுக்கின்றன. “உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல்” உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம் என்று 2 கொரிந்தியர் 1:24-இல் ஒரு அப்போஸ்தலனே எழுதுகிறார். கேள்வி கேட்டால் சாபம் வரும் என்று பயமுறுத்துகிறவர் எவரானாலும், அவர் கையில் உங்கள் மனசாட்சியைக் கொடுக்காதீர்கள்.

உணர்ச்சியும் நுகமாகலாம். முதல் வாரங்களின் சந்தோஷம் தணிந்ததும் விடுதலை போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. சோதனை வருவதும் தோல்வி அல்ல. எபிரெயர் 4:15-இன்படி இயேசுவே எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவமில்லாதவராயிருந்தார்.

விழுந்தபின் முதல் மணிநேரம்

விழுந்தால் என்ன செய்வது? ஒளிந்துகொள்ளத் தோன்றும். கொஞ்ச நாள் நல்லபடியாக நடந்துவிட்டுப் பிறகு ஜெபிக்கலாம் என்று தோன்றும். அந்தக் ‘கொஞ்ச நாள்’தான் பழைய எஜமானுக்குக் கிடைக்கும் இடைவெளி. அந்த மணிநேரத்திலேயே ஜெபியுங்கள், உங்கள் நம்பிக்கைக்குரியவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இயேசுவின் சீஷரான பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு எரிகிறது, யோவான் 18:18. வாசல் காக்கிற வேலைக்காரி கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்து இயேசுவைத் தெரியாது என்றவர், அந்த நெருப்பருகே குளிர்காய்ந்தபடி இன்னும் இருமுறை மறுதலிக்கிறார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவருக்காகக் காத்திருக்கும்போது, அங்கேயும் கரிநெருப்பு, யோவான் 21:9. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது. பேதுரு படகு கரைசேரும்வரை பொறுக்காமல் தண்ணீரில் குதித்துப் போகிறார். இயேசு முதலில் சாப்பாடு கொடுக்கிறார். பிறகு மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி: நீ என்னை நேசிக்கிறாயா? இனிச் செய்யமாட்டாயே என்ற உறுதிமொழியை அவர் கேட்கவில்லை. என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று வேலையைக் கையில் கொடுக்கிறார்.

அப்போஸ்தலர் 12-இல் இதே பேதுரு சிறையில் இருக்கிறார். இன்னொரு சீஷரான யாக்கோபை ஏரோது ராஜா ஏற்கெனவே பட்டயத்தால் கொன்றுவிட்டான், அடுத்தது இவர். காவலுக்கு நான்கு நான்கு பேராக நான்கு குழு, 16 சேவகர். மறுநாள் ஜனத்துக்கு முன் வெளியே கொண்டுவரப் போகிறார்கள். அந்த இரவில், இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர் நடுவே பேதுரு தூங்கிக்கொண்டிருக்கிறார். வெளிச்சம் அறையை நிரப்பியும் விழிக்காத அவரைத் தேவதூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.